தங்கச்சியின் பிள்ளை வந்த வழி

நோர்வேயில் இருக்கும் என் தங்கச்சி ஒருநாள் தொலைபேசியில், "அக்கா, நாங்கள் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கப் போறம். திருகோணமலைப் பிள்ளையெண்டால் நல்லம். விசாரிச்சுச் சொல்லுறீங்களே?" என்றாள். அவளுடைய கணவர் அந்த நாட்டுக்காரர். பல வருடமாகப் பிள்ளையில்லை. எனக்கு அது சின்ன வேலையாகப் பட்டது. திருகோணமலையில் நான் இருக்கும் லிங்கநகரிலிருந்து ஓட்டோ பிடித்துத் துறைமுகப் பக்கத்துச் சிறுவர் இல்லத்துக்கு நேரே போய்விட்டேன்.

பொறுப்பாளர் தேத்தண்ணி தந்தார். பிள்ளைகளைக் காட்டவில்லை. "நன்னடத்தை உத்தியோகத்தரிட்டப் போங்கோ, தத்துக் குடுக்கிற அலுவல் அவையின்ரதான்" என்று அனுப்பிவிட்டார்.

அந்த உத்தியோகத்தர் என் வயதுப் பெண்.

"பிள்ளையை நாங்களே தெரிவு செய்ய ஏலாதோ?"

"ஏலாது. உங்கட தங்கச்சியாக்கள் தங்கட நாட்டு அதிகாரிகளுக்கூடாக விண்ணப்பிக்க வேணும். எந்தப் பிள்ளை எண்டு கொழும்பிலதான் முடிவெடுப்பினம்."

"ஏன் அப்பிடி?"

"முதல்ல பிள்ளைக்குச் சொந்தக்காரர் இருக்கினமோ எண்டு பார்ப்பம். பிறகு இலங்கைக்குள்ள வளர்க்க ஆக்கள் இருக்கினமோ எண்டு பார்ப்பம். வெளிநாடு கடைசியாத்தான்."

நான் விடவில்லை. வயது எவ்வளவு இருக்க வேண்டும், நோய் இருந்தால் என்ன, பொலிஸ் அறிக்கை எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "நீங்களோ வளர்க்கப் போறியள்?" என்று அவர் சிரித்தார்.

நோர்வேயிலோ, பிள்ளை வளர்க்கத் தகுதியானவர்களா என்று பார்க்கத் தங்கச்சியின் வீட்டுக்குச் சமூக சேவையாளர் ஒருவர் வரத் தொடங்கினார்.

"அக்கா, எங்களைத் தனித்தனியா இருத்தி, என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறனீங்கள் எண்டு கேட்டவ."

"என்ன சொன்னனீ?"

"புளி எண்டு. குழம்பில புளி கூடிப் போச்செண்டு எப்பவும் முகத்தைச் சுளிப்பார். அவரும் புளியெண்டுதான் சொன்னவராம்!"

நெடுங்காலம் ஒன்றும் நடக்கவில்லை. நம்பிக்கை தளர்ந்த நேரத்தில் கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. ஐந்து வயதுப் பையன், பதுளைப் பக்கம்.

"திருகோணமலை இல்லையே?" என்றேன்.

"இல்லைத்தான்" என்றாள். நான் கேட்கும்வரை அது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

இருவரும் வந்திறங்கியதும் பையன் இருந்த இல்லத்துக்கு நானும் கூடப் போனேன். பையன் தங்கச்சியைப் பார்க்கவேயில்லை. அவளுடைய கணவரைச் சுற்றிச் சுற்றி நடந்தான். "இவருக்குத் தமிழ் வருமா?" என்று எங்களைக் கேட்டான்.

"கொஞ்சம்" என்றார் அவர், தமிழில்.

உடனே அவன் கதிரையைத் தட்டி, "இது என்னா?" என்றான். அவர் விழித்தார். "கதிரை" என்று அவனே சொல்லிக்கொடுத்தான். சன்னல், செருப்பு, வாளி என்று அந்த வகுப்பு நீண்டது. மூலையில் இருந்து எழுதிக்கொண்டிருந்த அந்தப் பகுதி நன்னடத்தை உத்தியோகத்தர் பேனையை வைத்துவிட்டுப் பார்த்தார். தங்கச்சி கண்ணைத் துடைத்தாள்.

கொழும்பு நீதிமன்றத்தில் இருவரும் நேரில் நிற்க வேண்டியிருந்தது. பிள்ளையை ஏற்கச் சம்மதமா என்று நீதிபதி கேட்டதற்குத் தங்கச்சியால் தலையாட்டத்தான் முடிந்தது. வாயால் சொல்லும்படி சொன்னார்கள். "ஓம்" என்று கத்தியே விட்டாள்.

தத்தெடுப்புக் கட்டளை கிடைத்தபின் கடவுச்சீட்டும் விசாவும் வரும்வரை மூவரும் என் வீட்டில் தங்கினார்கள். பையன் அதுவரை கடலைக் கண்டதில்லை. முதல்நாளே கடல்தண்ணீரை ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, "பெரியம்மா, யாரு இம்புட்டு உப்புப் போட்டது?" என்றான். ஆறு, மண், வெயில் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை. நான் வீட்டுக்கு வந்து புத்தகம் தேட வேண்டியதாயிற்று.

அவன் போய் ஒரு வருடமாகிறது. பிள்ளை எப்படி வளர்கிறான் என்று அங்கிருந்து இங்கு அறிக்கை அனுப்புகிறார்கள். இன்னும் சில வருடங்களுக்கு அனுப்ப வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். முதல் பனி விழுந்தபோது, அது எப்படியிருக்கும் என்று பார்க்கச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்து காய்ச்சல் வந்ததாம்.