பத்துக்கு எத்தனை

வலது கட்டை விரல் மடங்காவிட்டால் ஒரு நட்டைக்கூடப் போல்ட்டில் ஏற்ற முடியாது. ஓசூரில் ஒன்பது வருடம் அந்த வேலையையே செய்துவிட்டு, விரலைத் தகட்டில் கொடுத்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. விரல் போய்விடவில்லை. உள்ளே நரம்பு அறுந்து, தைத்து, அதன் பிறகு மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பார்க்க முழுசாக இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல். கட்டு போட்டிருந்தபோது உச்சுக்கொட்டியவர்கள், கட்டைப் பிரித்ததும் "சரியாயிருச்சா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போனார்கள்.

நான் கான்ட்ராக்ட் ஆள். மூன்று மாதம் கழித்து டெஸ்ட் வைப்போம் என்றார் சூப்பர்வைசர். தட்டில் கிடக்கும் சின்ன நட்டுகளை எடுத்து, கொடுத்த நேரத்துக்குள் முறுக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் பழைய இடம், இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். வேறு ஆள் என்று நினைத்தாலே சோறு இறங்காது.

ஆஸ்பத்திரியில் விரல் பயிற்சி கொடுக்கும் பெண் தினமும் வரச் சொன்னாள். ரப்பர் பந்தை அழுத்து, விடு, மறுபடி அழுத்து. வலியில் கண்ணில் தண்ணீர் வரும். வீட்டில் அந்தப் பந்தைப் பார்க்கவே பிடிக்காமல் ஃபோனை எடுத்தேன். விரலுக்கு அதுவும் வேலைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

லைனில் என் எதிரே நின்று வேலை செய்தவன் என் நண்பன். கிருஷ்ணகிரிக்காரன், லீவு நாளில் குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவன் அத்தாவின் கயிற்றுக் கடையில் உட்காருவான். சாப்பாட்டு இடைவேளையில் நாங்கள் இருவரும் ஃபோனில் ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடுவோம். ஆட்டத்துக்குள்ளேயே தனி ரூம் போட்டு, ஒருத்தருக்கு ஒருத்தர், பத்து ஆட்டம். சும்மா பிராக்டீஸ்தான், ஆனால் ஒழுங்காக ஆடுவோம். சிக்னல் போய் எதிராளி அசையாமல் நின்றால் சுடக் கூடாது. விழுந்தவனைக் கிண்டல் செய்யக் கூடாது. பத்தில் ஏழு அவன் ஜெயிப்பான். எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை.

இப்போது அவன் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஊருக்குப் போகிற ஒரு மணி நேரம் எங்கள் நேரமானது. நான் வீட்டில், அவன் ஜன்னலோரத்தில், இருவரும் மைக்கைப் போட்டுக்கொண்டு ஆடினோம். சூளகிரி தாண்டும்போது சிக்னல் போய், திரையில் அவன் ஆள் அப்படியே நிற்பான், நான் காத்திருப்பேன்.

முதல் வாரம் பத்தும் தோற்றேன். பிறகு ஒன்று, இரண்டு. ஒரு மாதத்தில் நான்கு. அப்புறம் ஆறு! "என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்டால், "பஸ்ஸு ரொம்ப ஆடுதுடா மச்சா" என்பான். அடிபடுவதற்கு முன் மூன்று ஜெயித்தவன் இப்போது ஆறு ஜெயிக்கிறேன் என்றால் விரல் முன்பைவிடத் தேறிவிட்டது. இப்படிக் கணக்குப் போட்ட முட்டாள் நான்தான். சட்டைப் பொத்தான் போட வராது. துளை சின்னது என்று சட்டையைத் திட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினேன்.

டெஸ்ட் அன்று முதல் நட்டு கீழே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. சூப்பர்வைசர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை. ஃபோனில் இத்தனை நாளும் மடங்கியது விரல் இல்லை, மணிக்கட்டு என்பது அப்போதுதான் புரிந்தது. விரல் கட்டை மாதிரி நிற்க, மணிக்கட்டு அதன் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தது.

"பதினஞ்சு நாள் பாப்போம். அப்பவும் வரலன்னா என் கையில ஒண்ணும் இல்லப்பா" என்றார்.

வெளியே வந்தேன். கேட் பக்கத்தில் பஸ் நின்றிருந்தது. டிரைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா, உனக்குத்தான் விரல்ல அடி. உன் பிரெண்டு எதுக்குத் தெனமும் கட்ட விரல்ல கர்ச்சீப்பு சுத்திக்கினு ஆடறான்?"

நண்பன் படியில் நின்றிருந்தான். அவன் முகம் போன போக்கிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"ஒனக்கு ஒரு விரல் வராதப்போ நான் பத்து விரல்ல அடிச்சா அது ஆட்டமா மச்சா? சமமா ஆடலாம்னு கட்டிக்கினேன். விட்டுக்குடுக்கலடா, அல்லா மேல ஆணையா. நீ ஜெயிச்சதெல்லாம் நெசமா ஜெயிச்சதுதான்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ ஆடியிருப்பியா?"

ஆடியிருக்க மாட்டேன். அதனால் கோபம் இன்னும் ஏறியது. அவன் சட்டையைப் பிடித்தேன்; பிடிக்கக்கூட விரல் ஒத்துழைக்கவில்லை. "நாளைக்கு ரெண்டு கையிலயும் ஆடு. ஒரு ஆட்டம் எரக்கப்பட்டாலும் இதோட நம்ம சகவாசம் முடிஞ்சுது" என்றேன்.

மறுநாள் ஆடினான். முதல் ஆட்டத்தில் நான் திரும்புவதற்குள் விழுந்தேன். அடுத்ததில் ஒரு குண்டு சுட்டேன், சுவரில் பட்டது. அதற்கப்புறம் துப்பாக்கியைத் தூக்கவே விடவில்லை. ஏழாவது ஆட்டத்தில் அவன் மூக்கை உறிஞ்சுவது மைக்கில் கேட்டது. பஸ் நிறைய ஆட்கள் இருக்க, அவன் அழுதுகொண்டிருந்தான்.

"போதும்டா மச்சா."

"ஆடுறா."

பத்தையும் அவனே ஜெயித்தான். அவனைப் போல யோக்கியமான ஆட்டக்காரனை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவனை வெறுத்ததுபோல யாரையும் வெறுத்ததுமில்லை. ஃபோனைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அந்தப் பெண் என் விரலை மடக்கிப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். நான் கத்தினேன், விரல் நகரவில்லை.

"இறுகிப்போச்சேண்ணா. விடாம வந்திருந்தா கொண்டாந்திருக்கலாம். ரெண்டு மாசமா எங்க போனீங்க?"

ஜெயித்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?