கட்டிலைத் தள்ளியவள்

அந்தச் சின்னக் கல்லூரியில் கட்டில் பந்தயம் நடக்கும் நாளன்று ஆகாய விமானங்கள்கூட வேகத்தைக் குறைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்க்கும். சரி, சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். விமானம் இல்லை, பால்காரர். சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு அதன் கேரியர் மேல் ஏறி நின்று பார்ப்பார். அந்தத் தெருவுக்கு அதுவே பெரிய கூட்டம்.

பெண்கள் விடுதியின் மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் நடக்கும் பந்தயம் அது. சக்கரம் வைத்த இரும்புக் கட்டிலில் ஒருத்தி உட்கார்ந்துகொள்ள, நான்கு பேர் தள்ள வேண்டும். நூலக வாசலில் புறப்பட்டு, சமதரையைக் கடந்து, ஒரு சின்ன மேட்டில் ஏறி, சரிவில் இறங்கி, சாப்பாட்டுக்கூடத்துக்கு முன்னால் போட்ட சுண்ணாம்புக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது தள்ளுகிறவர்களில் ஒருத்தியின் கையாவது கட்டிலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தள்ளியதாகாது, கட்டில் தானாக ஓடிப்போனதாகத்தான் கணக்கு. கோட்டைத் தாண்டும்போது கட்டிலில் கை வைத்திருந்தவர்களின் பட்டப்பெயர் மாடிப்படிச் சுவரில் பெயின்டில் ஏறும். அழிக்கவே மாட்டார்கள். உட்கார்ந்து வந்தவள் பெயர் மட்டும் ஏறாது. "மூட்டைக்கெல்லாமா பேர் எழுதுவாங்க?" என்று கேட்டுச் சிரிப்பது அங்கே வழிவழியாக வந்த வழக்கம்.

அந்த மூட்டைதான் ஊசி. தையல்காரர் மகள். ஆளும் ஊசி மாதிரி, நாக்கும் அப்படியே. காற்றடித்தால் பக்கத்து வகுப்பில் போய் விழுவாள் என்பார்கள். கனம் இல்லாதவள் என்பதால் இரண்டு வருடமும் மேல்மாடிக்காரிகள் அவளைத்தான் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள். இரண்டு வருடமும் தோற்றார்கள். இது கடைசி வருடம். ஒருதரமாவது தள்ள வேண்டும், அந்தச் சுவரில் தன் பெயரும் இருக்க வேண்டும் என்று ஊசிக்கு உள்ளுக்குள் தவிப்பு.

பந்தயத்துக்கு முதல்நாள் அறையில் எல்லாரும் கூடியிருக்கும்போது சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு நான் தள்றேன். மலை உட்காரட்டும்."

மலை என்பவள் தள்ளுகிறவர்களின் தலைவி. கதவில் நுழையும்போது கொஞ்சம் பக்கவாட்டில் திரும்புவாள். அறையே குலுங்கிச் சிரித்தது.

"ஏண்டி, என்னை உட்கார வச்சா கட்டில் நகருமா? தரைதான் நகரும்!"

"சிரிச்சு முடிச்சாச்சா? இப்பக் கேளுங்க. நாம எங்க தோக்குறோம்? சரிவுல. நான் உட்கார்ந்தா கட்டில் துள்ளுது, கோணிக்கிட்டுப் போகுது. நீ உட்கார்ந்தா சக்கரம் தரையைக் கவ்விப் பிடிக்கும். மேட்டை மட்டும் தாண்டிட்டா போதும், மிச்சத்தை உன் உடம்பு பார்த்துக்கும்."

"என் உடம்பைப் பத்தி இவ்வளவு மரியாதையா யாருமே பேசினதில்லடி," என்றாள் மலை. முடிவாகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் நூலக வாசலில் நிற்க இடமில்லை. ஊசி பச்சை ஸ்வெட்டர் போட்டு, பின்கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள். கீழ்மாடிக்காரிகள் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக் கேலி செய்தார்கள். "மூட்டை இறங்கிடுச்சு, மூட்டைக்கிடங்கு ஏறிடுச்சு!"

விசில் ஊதியதும் கீழ்மாடிக் கட்டில் பறந்தது. மேல்மாடிக் கட்டில் முனகியது. ஊசி பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. "தள்ளுங்கடி! உயிரைக் கொடுத்துத் தள்ளுங்கடி!" என்று மலை கட்டில்மேல் இருந்தபடி கத்தினாள். அங்குலம் அங்குலமாக மேடு வந்தது. முன்சக்கரம் இறங்கியது.

அவ்வளவுதான். கட்டிலுக்குச் சிறகு முளைத்தது. மலையைச் சுமந்துகொண்டு அது சரிவில் பாய்ந்த பாய்ச்சலில் மரத்திலிருந்த இலையெல்லாம் கூடவே ஓடியது. கீழ்மாடிக் கட்டில் பின்னால் போனது. கூட்டம் கூரை பிய்யக் கத்தியது. அப்போதுதான் ஒரு விஷயம் எல்லாருக்கும் உறைத்தது. எப்படி ஓட்டுவது என்று யோசித்தவர்கள் எப்படி நிறுத்துவது என்று யோசிக்கவில்லை.

தள்ளிய நால்வரில் ஒருத்தி விழுந்தாள். ஒருத்தி கையை விட்டுவிட்டு நின்றாள். மூன்றாமவள் செருப்பைத் தேடப் போய்விட்டாள். ஊசி மட்டும் விடவில்லை. கால் தரையில் படவில்லை. கொடி மாதிரி கட்டிலுக்குப் பின்னால் பறந்துகொண்டே வந்தாள். கோட்டைத் தாண்டி, சாப்பாட்டுக்கூடப் படியில் மோதி, கட்டில் நின்றது. மலை எகிறிப்போய் காலி சாக்குகளின் மேல் விழுந்தாள்.

வார்டன் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். "மத்தவங்க எங்கடி?"

"வர்றாங்க மேடம்," என்றாள் ஊசி. கை இன்னும் கம்பியில்.

"கை வச்சிருக்கிறது நீ ஒருத்திதான். அப்ப ஒரு பேர்தான் எழுதணும்."

ஊசி அழுதுகொண்டே சிரித்தாள். அந்த வருடத்துக்கு நேராகச் சுவரில் தனியாக ஒரே பெயர்தான் இருக்கிறது. படித்து முடித்த ஊசி பேருந்துப் பணிமனையில் பிரேக் சோதிக்கும் வேலையில் சேர்ந்தாள். அவள் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு வண்டி வெளியே வராது. பிடித்ததை விடாத கை அது என்று, அவர்களுக்கு முன்பே அங்கே படித்த நான், கேள்விப்பட்டதைக் கதையாகச் சொல்லி முடித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த மலை தண்ணீர் புரையேறச் சிரித்தாள்.

"அக்கா, பிடிச்சதை விடாத கையாவது, ஒண்ணாவது! அவ ஸ்வெட்டர் கை கட்டில் ஸ்பிரிங்ல மாட்டிக்கிச்சு. 'விடு, விடு, என்னை விடு'ன்னு கட்டிலோட சண்டை போட்டுக்கிட்டேதான் வந்தா. வார்டன் வர்றதுக்குள்ள சாக்கு மேலேருந்து உருண்டு வந்து கழட்டிவிட்டது நான். கழட்டிட்டு, 'கையை மட்டும் எடுத்துடாதடி'ன்னு காதுல சொன்னேன்."