ஆரோக்கியராஜின் 'இன்னொரு வாட்டி'

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஆரோக்கியராஜுக்குக் கல்யாணம் எடுத்து எடுத்து ஒரு வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. எது நடந்தாலும் கையை உயர்த்தி, "இன்னொரு வாட்டி" என்பார். தாலி கட்டியவன் மறுபடி கயிற்றைக் கழுத்தருகே பிடிக்க வேண்டும். ஊட்டிய லட்டை மறுபடி ஊட்ட வேண்டும். கல்யாண வீட்டில் இதற்கு மரியாதை உண்டு. போராட்டத்திலும் உண்டா என்று அவர் யோசித்ததில்லை.

போராட்டத்துக்கு அவரை இழுத்துப்போனவன் மனைவி ஜான்சியின் தம்பி. ஞானஸ்நானத்தில் ஸ்தனிஸ்லாஸ், கவிதை எழுத வந்தபின் செம்பியன். இருநூறு பேர் படிக்கும் சிற்றிதழ் ஒன்றை நடத்தினான். அதன் அட்டைக்குக் கலகக் கவிஞர்களையும் இயக்கத் தோழர்களையும் ஆரோக்கியராஜ்தான் படமெடுத்தார். தோழர்களால் தொல்லையில்லை, நிற்கச் சொன்னால் நிற்பார்கள். கவிஞர்கள்தான் உயிரை வாங்குவார்கள். "போஸ் குடுக்கறதெல்லாம் எங்களுக்குப் புடிக்காது தோழர்" என்று சொல்லிவிட்டு, தலையைக் கலைத்துக்கொள்ளக் கண்ணாடி எங்கே என்று கேட்பார்கள். ஆனாலும் அவர்களை அவருக்குப் பிடித்திருந்தது. கல்யாண வீட்டில் போட்டோகிராபரிடம் யாரும் பேசுவதில்லை. இவர்கள் பேசியே கொன்றார்கள்.

2009இல் செம்பியனுக்கு வயது முப்பத்தாறு. தாடியைப் பார்த்தே இரண்டு வீட்டார் திரும்பிப்போன பிறகு, நெல்லிக்குப்பத்து நர்ஸ் மாலதி சரியென்றாள். அவள் வீட்டில் ஒருநாள் சாயங்காலம் நிச்சயதார்த்தம் வைத்தார்கள், நல்ல நேரம் ஐந்தே முக்காலோடு முடிகிறது. "இதுவும் தவறிச்சின்னா அவன் கவிதையவே கட்டிக்கிட்டு அழட்டும்" என்று ஜான்சி சொல்லியிருந்தாள். அன்று காலையில்தான் சிதம்பரத்தில் மறியல். மாணவர் விடுதி ஒன்றில் மூன்று மாதமாகத் தண்ணீர் வரவில்லை.

"பதினோரு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும் மாமா" என்றான் செம்பியன்.

முடியத்தான் செய்தது. தாசில்தார் வந்து, நாளைக்கே மோட்டார் என்று எழுதிக் கொடுத்தார். தோழர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள். நின்றிருந்த பேருந்துகள் கிளம்பின. இன்ஸ்பெக்டர் கோவிந்தசாமி நிம்மதியாக டீ சொன்னார். அப்போதுதான் ஆரோக்கியராஜ் கேமராவைக் கவனித்தார். முந்தின நாள் கல்யாணத்திலேயே மெமரி கார்டு நிரம்பியிருந்தது. மறியலில் ஒரு படம்கூட விழவில்லை.

புதுக் கார்டைப் போட்டார். கை தானாக உயர்ந்தது.

"எல்லாரும் இன்னொரு வாட்டி ஒக்காருங்க. ரெண்டே நிமிஷம்!"

தோழர்கள் தயங்கினார்கள். அதுவரை ஓரமாக நின்றிருந்த கவிஞர்கள் முதல் வரிசைக்கு முட்டி மோதி உட்கார்ந்தார்கள். நடுவில் செம்பியன். பேருந்துகள் மறுபடி நின்றன. "கோவம் பத்தல, மொகத்தத் தூக்குங்க" என்று ஆரோக்கியராஜ் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

எழுதி வாங்கிய பிறகும் உட்கார்ந்தால் எந்தப் போலீசுக்குத்தான் பொறுக்கும்? எல்லாரையும் வேனில் ஏற்றி, வழக்கம்போல ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். ஆறு மணிக்குத்தான் விடுவார்கள். ஆரோக்கியராஜையும் விடவில்லை.

"நீதானய்யா ஒக்காரச் சொன்ன? அப்ப நீதான் தலைவரு" என்றார் இன்ஸ்பெக்டர்.

மண்டபத்தில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நல்ல நேரத்தை நக்கலடித்து நாற்பது வரி எழுதிய செம்பியன், சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விட்டால் அழுதுவிடுவான். ஆரோக்கியராஜ் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தார். மச்சான் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்றிருந்தது.

முன்னாடியே நெல்லிக்குப்பம் போய்விட்ட ஜான்சிக்குப் போன் போட்டார்.

"முடிஞ்ச மறியல மறுபடி பண்ணச் சொன்னீங்களா? ஒங்க வாய்ல பிளாஸ்திரி ஒட்ட!"

அவள் போட்ட சத்தத்தில், காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் சங்கடப்பட்டுத் தள்ளிப்போனார். அடுத்து, மாலதியின் அப்பா பொன்னுரங்கம் ஜான்சியிடம் சொல்வது போனில் கேட்டது. "நிச்சயத்தன்னிக்கே மாப்ள போலீஸ்ல. இத்தோட வுட்ருவோம்மா." ஆரோக்கியராஜ் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் மாலதியின் குரல்.

"அவரு மண்டபத்துலதானப்பா இருக்காரு? மண்டபம் புடிக்க வசதியில்லன்னுதான வூட்டுல வெக்கறோம்? இப்பதான் அதுவே கெடச்சிருச்சே. வேன எடுக்கச் சொல்லுங்க."

ஐந்தேகாலுக்குப் பூ, பழம், தட்டோடு வேன் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "வெளிய போறவங்களத்தான் தடுக்கச் சொல்லியிருக்காங்க. உள்ள வர்றவங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்று வழிவிட்டார். மேடையில் யாரோ இருவரின் பெயர் தெர்மோகோலில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழேயே தட்டு மாற்றினார்கள். செம்பியன் மாலதிக்கு மோதிரம் போட்டான். ஆரோக்கியராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தார். படத்தில் செம்பியன் கண்ணை மூடியிருந்தான். கை தானாக உயர்ந்தது.

"இன்னொரு..."

மண்டபமே எழுந்து நின்றது. தோழர்கள், கவிஞர்கள், பொன்னுரங்கம், கான்ஸ்டபிள்கள்கூட. ஆரோக்கியராஜ் கையை இறக்கினார்.

அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி ஸ்டுடியோ வாசலில் மாட்டினார். 2012இல் மகளுக்குப் படமெடுக்க வந்த மாலதி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"தூங்கறமாரி இருக்காருண்ணே. எங்க ரெண்டு பேரையும் நிக்கவெச்சு நல்லதா ஒண்ணு எடுத்து மாட்டக் கூடாதா?"

ஆரோக்கியராஜ் படத்தின் மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

"அதெல்லாம் ஒரு வாட்டிதாம்மா" என்றார்.