வயலுக்குத் தெரியாத லீவு விதி

மேலாளர் ஐயா, ஓடித் திரிவதுதான் வேலை என்று என்னைப் பழக்கியது நீங்கள்தான். பழகியது என் பிழை.

கிளிநொச்சியில் எங்கள் தையல் தொழிற்சாலையின் ஆளணிப் பொறுப்பு, அதாவது வேலையாட்களின் லீவு, குறை நிறை பார்ப்பது, எனக்கு. வட்டக்கச்சியில் வயலும் வைத்துக்கொண்டு எங்களிடம் தைக்க வரும் யோகம் அக்கா மூன்று தரம் கதைக்க வந்தும், "பிறகு வாங்கோ" என்றே அனுப்பினேன். நாலாம் தரம் விலகல் கடிதத்தோடு வந்தா. அன்றுதான் கதிரை இழுத்துப் போட்டு இருத்தினேன்.

"நெல்லு வெட்டுற மெசின் நாளைக்கு வருமெண்டு இண்டைக்குத்தான் சொல்லுவாங்கள், தங்கச்சி. லீவை ஒரு கிழமைக்கு முதலே கேளெண்டால், நான் நெல்லிட்டையா திகதி கேக்கிறது?"

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, லீவை அங்கேயே எழுதினேன். அறுவடை முடிய, புது அரிசிச் சோறு கொண்டுவந்து, "ஓடாமல் இருந்து சாப்பிடும்" என்று அதட்டினா.

இப்போது தினமும் காலையில் ஒரு மணித்தியாலம் போனை வைத்துவிட்டு, தைக்கிறவர்களோடு இருந்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறேன்.

ஐயா, ஒரு கிழமைக்கு முதலே லீவு கேட்க வேண்டும் என்ற அந்த விதியை எந்த வயலைப் பார்த்து எழுதினீர்கள்? திங்கட்கிழமைக் கூட்டத்தில், எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள்.