கார் பார்க்கப் போனால் குசினியையும் பாருங்கள்

பழைய கார் பார்த்துக் கொடுக்கிற தொழிலில் இருபது வருடமாக இருக்கிறேன். விற்கிறவர்கள் எனக்குக் காட்டிய கார்களில் முக்கால்வாசி "டொக்டர் ஓடின கார்"தான். திருகோணமலையில் இத்தனை டொக்டர்மார் இருந்தும் ஆஸ்பத்திரியில் ஏன் அவ்வளவு வரிசை என்பதை, பழைய கார் வாங்கிப் பட்ட நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சூடான பொனற்

திரியாய் கிராமத்துச் சுகந்தி டீச்சருக்கு டவுண் பள்ளிக்கூடத்தில் உப அதிபர் வேலை கிடைத்திருந்தது. காலை பஸ்ஸில் வந்தால் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரலாம். பள்ளித் தவணை தொடங்க முதல் நம்பி ஓடக்கூடிய கார் கிடைக்காவிட்டால், வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

அவரையும் கணவரையும் கூட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் பார்க்கப் போன முதல் கார், பளபளவென்று பெரிய கார். எஞ்சினை மூடியிருக்கிற பொனற்றில் கை வைத்தேன், தோசைக்கல். காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாத காரை, ஆட்கள் வர முதலே ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பார்கள். இதையெல்லாம் டீச்சரின் கணவருக்கு விலாவாரியாக விளக்கினேன். அவரும் பணிவாகத் தலையாட்டினார். கடைசியில் டீச்சர் சொன்னார்: "அவருக்குச் சைக்கிள்தான் ஓடத் தெரியும் அண்ணன். எனக்குச் சொல்லுங்க."

குசினியில் ஒரு கேள்வி

இரண்டாவது காரில் எனக்கே ஆசை வந்துவிட்டது. தோல் சீற், குளிர்ந்த எஞ்சின் ஒரே திருப்பில் ஸ்டார்ட், அடியில் உப்புக்காற்றுத் துரு ஒரு பொட்டும் இல்லை. கடற்கரை வரை ஓடிப் பார்த்துவிட்டு, "கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்" என்றேன்.

டீச்சர் தேத்தண்ணி குடித்த கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். "எத்தனை தரம் இறங்கித் தள்ளினனீங்கள்?" என்று வீட்டுக்காரியிடம் கேட்டது வெளியே எங்களுக்கும் கேட்டது. பதிலும் கேட்டது: "இந்தக் கிழமை ரெண்டு தரம்தான் டீச்சர். சூடேறினா நிண்டிடும். சாறியோட தள்ளுறது லேசில்லை."

என் இருபது வருட அனுபவம் வெட்கத்தில் செருப்பைத் தேடியது.

வெளியே வராத வீட்டுக்காரி

மூன்றாவது கார் அன்புவழிபுரத்தில். நிறம் மங்கிப் போன கார், கதவில் நெளிவு. அடியில் கொஞ்சம் துருவும் இருந்தது. நான் உதட்டைப் பிதுக்கினேன். தேத்தண்ணியும் வரவில்லை. வீட்டுக்காரி சாவியோடு உள்ளே இருந்து அழுகிறாராம். டீச்சர் முகம் மலர்ந்து உள்ளே போனார். அரை மணித்தியாலம் கழித்து இருவரும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். சாவியைக் கொடுத்த அந்த அம்மா சொன்னார்: "பதினொரு வருசத்தில ஒரு நாளும் என்னை ரோட்டில இறக்கி விட்டதில்லை. பார்த்து ஓடுங்க."

தவணையின் முதல் நாள்

விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தேன். டீச்சர்தான், சிரித்தபடி: "வந்திட்டன் அண்ணன், பள்ளிக்கூடக் கேற் திறக்கத்தான் இன்னும் ஆள் வரேல்ல."

இப்போது எந்தக் காரைப் பார்க்கப் போனாலும், பொனற்றைத் திறக்க முதல் "அக்கா வீட்டில இருக்கிறாவோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.