மேரியம்மாவைத் தேடிக் காஞ்சிபுரம் போனேன்

ஐந்து வருடங்களுக்கு முன் இந்த வலைப்பூவில் ‘காஞ்சிபுரத்தில் இரண்டு நாள்’ என்றொரு கட்டுரை எழுதியிருந்தேன். அதைப் போன மாதம் நீக்கிவிட்டேன். பதினோரு கோயில்கள், எந்த வரிசையில் போவது, எங்கே சாப்பிடுவது என்று எல்லாம் அதில் இருந்தது. அந்தப் பயணத்தில் அவற்றில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. அதை நம்பி வயதான பெற்றோரை அழைத்துப்போன ஒரு வாசகி, பகல் ஒரு மணிக்கு மூடிய கதவுக்கு வெளியே வெயிலில் நின்றதாக எழுதியிருந்தார். காஞ்சியில் பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். ஒருநாள் சுற்றியவருக்குக்கூடத் தெரிகிற விஷயம். எனக்குத் தெரியவில்லை. அந்தச் சகோதரி இதைப் படித்தால், மன்னித்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். அப்போது நான் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. குடிப்பேன். வீட்டில் யாருக்கும் தெரியாமல் குடிப்பதற்காகவே பயணம் கிளம்புவேன். ஊர் பார்க்கப் போகும் பெண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. காஞ்சிபுரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன். இனி எழுந்திருக்கவே வேண்டாம் என்ற எண்ணத்தோடுதான் குடித்தேன். அறை பெருக்க வந்த ஒரு அம்மாள், தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மாற்றுச் சாவியால் திறந்து, தரையில் கிடந்த என்னை அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஏற்றிப்போனார். சாயங்காலம் என் தங்கை வந்து சேரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் நான் ஊர் திரும்பினேன். ஒன்றும் நடக்காததுபோல் காட்டிக்கொள்ள, இணையத்தில் மற்றவர்கள் போட்டிருந்த படங்களைப் பார்த்து அந்தக் கட்டுரையை எழுதினேன்.

அதற்குப் பிறகும் மூன்றரை வருடம் குடித்தேன். வேலை போனது. பிறகு தங்கை என்னை மனநல மருத்துவரிடம் சேர்த்தாள். மன அழுத்த நோய் பல வருடமாகவே எனக்கு இருந்திருக்கிறது, அதன்மேல் குடியும் சேர்ந்துகொண்டது என்று அங்கேதான் தெரிந்தது. நாற்பத்தைந்து நாள் உள்நோயாளியாக இருந்தேன். வெளியே வந்ததிலிருந்து தினமும் மாத்திரை, புதன்கிழமைதோறும் குடியை விட்டவர்களின் கூட்டம். இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. கூட்டத்தில் எனக்குத் துணையாக இருக்கும் வசந்தா அக்காவிடம் காஞ்சிபுரத்து அம்மாளைப் பற்றிச் சொன்னபோது, “போய்ப் பாத்துட்டு வாயேன். தூரமா என்ன?” என்றார்.

தூரமில்லைதான். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் காலை 7.05க்கு ரயில். டிக்கெட் இருபது ரூபாய். செங்கல்பட்டில் இருபது நிமிடம் நின்றது. அதற்கப்புறம் இடதுபக்க ஜன்னலில் உட்காருங்கள். பாலூர், பழையசீவரம் வரை பாலாறு கூடவே வருகிறது. வாலாஜாபாத்தில் காய்கறி மூட்டைகளோடு பத்துப் பேர் ஏறினார்கள். காஞ்சிபுரத்தில் இறங்கும்போது மணி 8.55. (ரயில் நேரங்கள் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை நான் பொய் சொல்லவில்லை என்றாலும்.)

லாட்ஜுக்கு நேரே போகத் தைரியம் வரவில்லை. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்துக் கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். மணற்கல் சிற்பங்கள், உள்சுவரை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னிதிகள். ஒரு சன்னிதிக்குள் சுவரில் பழைய வண்ணம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, தேடிப் பாருங்கள். கருவறையைச் சுற்றித் தவழ்ந்து போகும் குறுகிய வழி ஒன்று உண்டு. அதைச் சுற்றினால் மறுபிறவி இல்லை என்பார்கள். முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து நுழையவும். நான் நுழையவில்லை. நிழலில் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கையில் பாட்டில் இல்லாமல் ஓரிடத்தில் சும்மா உட்கார்வது எனக்கு இன்னும் புதுசு.

லாட்ஜில் அதே மேலாளர். அறை எண்ணைச் சொல்லி, அன்றைக்கு வேலையில் இருந்த அம்மாளைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதானா மேடம் அது?”

“ஆமாம்.”

“ஆளே மாறிட்டீங்க. நான் போலீஸுக்குத்தான் போன் பண்ணலாம்னு சொன்னேன். மேரிம்மாதான், மொதல்ல ஆஸ்பத்திரி, அப்பால உன் போலீஸுன்னு கத்துச்சு.” சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று நிறுத்திக்கொண்டார். “வேலைய வுட்டு நின்னு மூணு வருஷம் ஆயிடுச்சு. ஐயம்பேட்டைலதான் இருக்குது. மாதா கோயில் தெருன்னு கேளுங்க, காட்டுவாங்க.”

வெளியே வந்தபோது மணி 12.15. ‘நீங்கதானா அது’ என்ற வார்த்தை உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. எதிர் வரிசையில் ஒயின் ஷாப் அப்போதுதான் திறந்திருந்தது. கோயில்கள் மூடும் நேரத்தில்தான் அது திறக்கிறது. பழைய காஞ்சிபுரக் கட்டுரையில் எழுதாமல் விட்ட தகவல் இது. சாலையின் இந்தப் பக்கமே நின்று வசந்தா அக்காவைக் கூப்பிட்டேன்.

“எங்க நிக்கிற?”

சொன்னேன்.

“சாப்பிட்டியா?”

“இல்லைக்கா.”

“பசி வேற, பயம் வேற. மொதல்ல சாப்பிடு. இலையைப் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரைக்கும் போனை வைக்காத.”

போனைக் காதில் வைத்தபடியே நடந்து ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். சாப்பாடு நூறு ரூபாய். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. மோர் ஊற்றும்போது அந்த வார்த்தை உள்ளே சுற்றுவது நின்றிருந்தது. இலையைப் படமெடுத்து அனுப்பினேன். ‘அப்பளம் எங்கே?’ என்று பதில் வந்தது. அதை முதலிலேயே தின்றுவிட்டிருந்தேன்.

ஐயம்பேட்டைக்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய், இருபத்தைந்து நிமிடம். ஓட்டுநர் இறக்கிவிடும்போது, “மேரிம்மா வூடா? அந்தப் பச்ச கேட்டு. தார் சுத்திக்கினு இருக்கும் பாருங்க” என்றார். அப்படித்தான் இருந்தார். வாசலில் ராட்டையை வைத்து, தறியில் நெய்பவர்களுக்காகச் சின்னக் குழல்களில் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு அவர் முகம் நினைவில்லை. அவருக்கும் என்னைத் தெரியவில்லை. லாட்ஜ், ஆஸ்பத்திரி என்று சொன்னதும் ராட்டையை நிறுத்தினார்.

“அட ஆண்டவரே. நீ உசுரோட இருக்கிறியாமா!”

என் இரண்டு கன்னத்தையும் பிடித்துப் பார்த்தார். நான் ரயிலில் ஒத்திகை பார்த்துவைத்திருந்த நன்றி வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவர் தண்ணீர் கொடுத்தார்.

“அன்னிக்கு முழுசும் ஏன் கூடவே இருந்தீங்க?”

“நீ எங்க வுட்ட? கையப் புடிச்சவ வுடவே இல்ல. பாத்ரூம் போவக்கூட முடியல. அதான் ஒக்காந்துக்கினு இருந்தேன்.”

குடியை விட்டதையும் மாத்திரை சாப்பிடுவதையும் சொன்னேன். மாத்திரை என்றதும் அவர் உள்ளறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. யார் உள்ளே என்று கேட்டேன். “பொண்ணு. தூங்குது” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“எட்டு மாசமாமா. ஜெனின்னு பேரு. இருபத்திநாலு வயசு. கம்பெனி பஸ்ல வேலைக்குப் போய்க்கினு இருந்த பொண்ணு. ஒருநாள் போவலன்னுச்சு. அப்பறம் எதுக்குமே வெளிய வர்றதில்ல. துன்றதில்ல, குளிக்கிறதில்ல. ஜெபத்துக்குக் கூட்டினு போனேன், தர்காவுல தாயத்து கட்டினேன். டாக்டராண்ட போனா பைத்தியம்னு பேர் வெச்சிடுவாங்கமா. நாளைக்கு எவன் கட்டுவான்?”

நான் மருத்துவர் இல்லை. பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “இது நான் தினமும் ராத்திரி போடறது. என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?” என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “அதப் போட்டா எப்பவும் தூங்கிக்கினே இருக்கணுமா?”

மேரியம்மா எழப்போனார். அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். “மொத ரெண்டு வாரம் தூக்கமா இருந்துச்சு, வாய் காய்ஞ்சுது” என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். “டாக்டர்கிட்ட சொன்னேன், அளவை மாத்தினார். இப்ப சரியா இருக்கு.”

“எனக்குத் தூக்கமே வர்றதில்ல.”

தாழ்ப்பாள் விலகியது. ஜெனி வெளியே வரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சிக்குப் பிடித்த முடி. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“செத்துடலாம்னு நெனச்சீங்களா ஆன்ட்டி?”

மேரியம்மா கையிலிருந்த குழல் உருண்டு போனது. யாரும் எடுக்கவில்லை.

“நினைச்சேன்.”

“இப்ப?”

“இப்ப இல்லை. எப்பவாவது அந்த நெனப்பு வரும். வந்தா உடனே ஒருத்தர்கிட்ட சொல்லிடுவேன். உனக்கு வருதா?”

ஆமென்று தலையசைத்தாள். அவள் அம்மாவுக்கு அதுவரை தெரியாது. அவர் கத்தவில்லை, திட்டவும் இல்லை. நகர்ந்துபோய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “என்னாண்ட சொல்லியிருக்கலாமே கண்ணு” என்று மட்டும் சொன்னார்.

ஆறு மணி ரயிலில் திரும்புவதாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மனநலப் பிரிவு இருக்காது, மறுநாள் காலையே ஜெனியை மருத்துவமனைக்கு அழைத்துப்போவதென்று மேரியம்மாவும் நானும் பேசி முடிவு செய்தோம். தங்கைக்குப் போன் செய்து, வரவில்லை என்றேன். “எங்க தங்குவ?” என்று பழைய பயத்தோடு கேட்டாள். மேரியம்மாவிடம் போனைக் கொடுத்தேன். இருவரும் பதினைந்து நிமிடம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

திங்கள் காலை ஜெனி வரமாட்டேன் என்றாள். கூட்டத்தைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறதாம். நானும் வற்புறுத்தவில்லை. “வாசல் வரைக்கும் போவோம். முடியலன்னா திரும்பிடலாம்” என்றேன். அரை மணி கழித்துத் தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். ஷேர் ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்காரவைத்தோம். அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது 8.40. சீட்டுப் போடும் வரிசையில் மேரியம்மா நின்றார். ஜெனியும் நானும் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தோம். இருமுறை எழுந்து போய்விடலாம் என்றாள். இருமுறையும் கேட் வரை நடந்து திரும்பினோம். 11.20க்கு மனநலப் பிரிவில் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெண் மருத்துவர் ஜெனியிடம் இருபது நிமிடத்துக்கும் மேல் பேசினார். பிறகு அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு, “இது நோய். உங்க பொண்ணு தப்பு எதுவும் பண்ணல, நீங்களும் பண்ணல” என்றாராம். வீட்டில் அவளைத் தனியாக விட வேண்டாம், மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பதினைந்து நாள் மாத்திரையோடு வெளியே வந்தார்கள். மேரியம்மாவுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. “பைத்தியம்னு அந்தம்மா ஒருவாட்டிகூடச் சொல்லலமா” என்றார்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இரண்டாம் மாதம் ஜெனி மாத்திரையைத் தானாகவே நிறுத்தினாள். மறுபடி கதவு பூட்டிக்கொண்டது. மேரியம்மா என்னைக் கூப்பிட்டார், நான் போனேன், மறுபடி வேப்பமரத்தடி. எனக்கும் ஒரு மோசமான வாரம் வந்தது. அந்த வாரம் தினமும் ஏழு மணிக்கு மேரியம்மா போன் செய்து, “துன்னியா?” என்று கேட்டார். நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். இப்போது பேச இன்னும் இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு கதவு இப்படிப் பூட்டியிருந்தால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மனநலப் பிரிவு எந்தெந்த நாளில் என்று மருத்துவமனையில் முன்பே விசாரித்துவிட்டு, ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். வரிசையில் நிற்க ஒருவர், நோயாளியோடு இருக்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். தண்ணீரும் பிஸ்கட்டும் கொண்டுபோங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை இருந்தால் அட்டையோடு காட்டுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர்கள் வைராக்கியத்தில் ஒரேநாளில் நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து ஆகலாம். மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். சாக வேண்டும் என்று யாராவது சொன்னால், அறிவுரையைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

போன வியாழக்கிழமை மதியம் ஜெனியிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னணியில் பேருந்து ஹாரன் சத்தம். “ஆன்ட்டி, அம்மாவுக்குக் காலு வலி, இன்னிக்கு வரல. டாக்டரம்மாவும் போய்ட்டு வான்னாங்க. நானே ஷேர் ஆட்டோல போய் மாத்திர வாங்கிட்டேன். வழில எறங்கி கரும்பு ஜூஸ் குடிச்சிக்கினு இருக்கேன்.”

ஐஸ் போட்டா, போடாமலா என்று கேட்டேன்.

“ஐஸ் போட்டு” என்று பதில் வந்தது. “ரெண்டாவது கிளாஸு.”