பம்பு எஞ்சின் பூட்டிய டில்லர்

தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன காகிதத்தைத் தையல்நாயகி மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை என்பதும், காலை பத்து மணி என்பதும், நிலத்தை நேரில் பார்வையிட தாசில்தார் வருகிறார் என்பதும் புரிந்தன. விரல் விட்டு எண்ணினாள். இன்னும் ஏழு நாள்தான்.

ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். அவள் புருஷன் காயாரோகணத்தின் அப்பா காலத்திலிருந்தே குத்தகை. நிலத்துக்காரர் பஞ்சாபகேசன் மெட்ராஸில் கல்லூரி வாத்தியார். ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்து ஒன்பது வருஷமாகிறது. அவருக்காக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் காரியஸ்தர் சிவசாமி. குத்தகைக்காரர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று சட்டம் வந்து பத்து வருஷம் ஓடிவிட்டது. கூத்தாநல்லூருக்கு வடக்கே இருந்த அந்த ஊரில் தெருவுக்குத் தெரு கட்சிக் கொடி ஏறியிருந்தது. காயாரோகணத்தின் பெயர்தான் எங்கும் ஏறவில்லை. இந்த வருஷம் துணிந்து மனுக் கொடுத்தான். சிவசாமி உடனே எதிர்மனுக் கொடுத்தார்: 'மனுதாரர் சாகுபடி செய்வதில்லை. நிலம் தரிசாகக் கிடக்கிறது.'

அது நிஜமாகிவிடும்போலத்தான் இருந்தது. மாசியில் கோமாரி வந்து ஒரு மாடு செத்துப்போனது. ஜோடி இல்லாத மற்றதையும் விற்றாயிற்று. வாய்க்காலில் தண்ணீர் வந்து பக்கத்து வயல்களெல்லாம் குறுவைக்குச் சேறாகிவிட்டன. இவர்கள் வயலில் மட்டும் கோரை முளைத்து நின்றது.

"கூலிக்கு ஏர் விட்டுப் பாத்தா என்னங்க?" என்றாள்.

"விட்டா, இவன் எங்க உழுதான், கூலிக்காரன்ல உழுதான்னு அந்தாளு சொல்லுவாரு. குத்தகைக்காரனோ அவன் குடும்பத்தாளோ ஒடம்பு வணங்கிப் பாடுபடணும், அப்பத்தான் சாகுபடிதாரன். சட்டத்துலயே அப்படித்தான் போட்டிருக்காம்."

ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஒரு பழைய பவர் டில்லர், கைப்பிடித்து ஓட்டும் உழவு மிஷின், நாலு வருஷமாக மழையில் கிடந்தது. எஞ்சின் வெடித்துப்போனது. எடுத்துக்கொண்டு போனால் இடமாவது காலியாகும் என்றார் மில்காரர். பம்புசெட் மெக்கானிக் இளையபெருமாள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கியர்பெட்டி கல்லு மாதிரி இருக்கு. வேற எஞ்சின் பூட்டினா ஓடும்" என்றார்.

எஞ்சின் கூத்தாநல்லூர் ஜன்னத் பீவியின் தோப்பில் கிடைத்தது. கரண்ட் மோட்டார் வந்த பிறகு அவர்கள் ஓரங்கட்டி வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் பம்பு எஞ்சின். வண்டியில் ஏற்றும்போது பீவி வேலியோரம் வந்து நின்றார்.

"எடுத்துட்டுப் போ புள்ள. ஆனா ஒன்னு சொல்லிப்புடுறேன், அது கோணக்கழுதை. ஒரு தடவை புடிச்சா சாயந்தரம் வரைக்கும் ஓடும். நடுவுல நிறுத்துனியோ, அது மூஞ்சிய நீ பாக்க, ஒன் மூஞ்சிய அது பாக்க, அவ்வளவுதான்."

தையல்நாயகி சிரிக்கவில்லை. அந்த வார்த்தை மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மூன்று நாள் துருவைச் சுரண்டினார்கள். டில்லரில் இருந்த ஒயரையெல்லாம் எலி தின்றிருந்தது. புது ஒயர் இழுக்கும் வேலை அவளுக்கு வந்தது. மற்ற இருவரின் விரலும் அந்த இடுக்கில் நுழையவில்லை. இளையபெருமாள் சொல்லிக்கொடுத்தார்: "எஞ்சின்லேருந்து கைப்பிடி ஸ்விட்சுக்கு இந்த ஒயர் போவணும் தங்கச்சி. ஸ்விட்சை அமுக்குனா ஒயர் இரும்புல தொடும். தொட்டா தீப்பொறி செத்துரும், எஞ்சின் நின்னுரும். மத்தபடி எங்கயும் இரும்புல படப்படாது." அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வெளி ஆம்பிளைகளிடம் நேருக்கு நேர் பேசிப் பழக்கமில்லை. எதுவானாலும் புருஷனிடம் சொல்வாள். அவன்தான் எடுத்துச் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை வாசலில் ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் பிடித்தது. காயாரோகணம் முன் கியரைப் போட்டான். டில்லர் விருட்டென்று பின்னால் வந்தது. அவன் துள்ளி விலக, அது இளையபெருமாளின் சைக்கிளைக் குப்புறத் தள்ளிவிட்டு வைக்கோல் போரில் முட்டி நின்றது.

"என்னண்ணே, இது நம்ம கட்சியா, சிவசாமி கட்சியா?" என்றான் காயாரோகணம்.

இளையபெருமாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாகப் பம்புக்கு எஞ்சின் பூட்டியவர். பம்புசெட்டில் பூட்டுகிற பழக்கத்திலேயே, எந்தப் பக்கம் சுற்றும் என்று யோசிக்காமல், கனத்த சக்கரம் இருந்த பக்கத்தில் பெல்ட்டுக்கான புல்லியை மாட்டியிருந்தார். "பம்பு போற வழிக்குச் சுத்துது சனியன். டில்லருக்கு இது எதிர்ச் சுத்து. வேற எஞ்சின்தான் பாக்கணும்."

நாளை மறுநாள் தாசில்தார். வேறு எஞ்சினுக்கு எங்கே போவது?

தையல்நாயகி சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினாள். தரையைவிட்டு எழும்பிய பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். வலப்பக்கமாகச் சுற்றியது. கைப்பிடியை நேராக்க அந்தப் பக்கம் போனாள். அதே சக்கரம் இப்போது இடப்பக்கமாகச் சுற்றியது. அவள் திரும்ப இந்தப் பக்கம் வந்தாள். மறுபடி அந்தப் பக்கம் போனாள்.

"ஏ புள்ள, சைக்கிளுக்குப் பிரதட்சிணமா வர்றே?" என்றான் காயாரோகணம்.

அவள் புருஷனின் காதருகே போய், "எஞ்சினையே திருப்பி வச்சுட்டு, புல்லியக் கழட்டி அந்தப் பக்கத்துல மாட்டினா என்னன்னு அண்ணங்கிட்டக் கேளுங்க" என்றாள்.

அவன் கேட்பதற்குள் இளையபெருமாள் எழுந்துவிட்டார். அவரும் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு ஸ்பானரை எடுத்தார்.

ஞாயிறு பூராவும் அதற்கே போயிற்று. பொழுது சாயும் நேரத்தில் டில்லர் முன்னால் போனது. ஆனால் எஞ்சின் திரும்பியதில் புகைக்குழாயும் திரும்பி, ஓட்டுகிறவன் முகத்துக்கு நேராக வந்து நின்றது. வளைத்துவிட வேறு குழாய் கிடைக்கவில்லை. காயாரோகணத்துக்கு இளைப்பு உண்டு. அடுப்புப் புகைக்கே மூச்சு இழுக்கும்.

"ஒரு மணி நேரந்தானே, பல்லைக் கடிச்சுக்கிறேன்" என்றான். இளையபெருமாள் எதற்கும் இருக்கட்டும் என்று எஞ்சின் காலின் போல்ட்டுகளை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு டில்லர் வயலில் இறங்கியது. கயிற்றைச் சுற்றி இழுத்தார்கள். பிடிக்கவில்லை. பத்துத் தடவை, இருபது தடவை இழுத்தார்கள். இளையபெருமாளின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. ரோட்டில் ஜீப் வந்து நின்றது. தாசில்தார், பின்னால் காகிதக் கட்டைத் தூக்கிய எழுத்தர், அவர்களுக்கு முன்னால் வரப்பில் வழிகாட்டியபடி சிவசாமி.

"பாருங்க சார்," சிவசாமி தூரத்திலிருந்தே சொன்னார், "நீங்க வர்றீங்கன்னு காயலாங்கடையைக் கொண்டாந்து நிறுத்தி வச்சிருக்கான். ஒரு சாலு ஓடியிருக்கான்னு பாருங்க."

தாசில்தார் கோரையைப் பார்த்தார். எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

தையல்நாயகி எஞ்சினையே பார்த்தாள். நேற்று ஓடியது. இன்று ஓடவில்லை. ஓடிய பிறகு யார் எதைத் தொட்டார்கள்? போல்ட்டு. சேற்றில் முட்டிபோட்டு எஞ்சினுக்கு அடியில் விரலை விட்டாள். அவள் இழுத்த ஒயர், எஞ்சின் காலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. தோல் பிய்ந்து கம்பி இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. போல்ட்டைத் தளர்த்த நேரமில்லை. இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்து, எஞ்சினோரமாக ஒயரை அறுத்தெறிந்தாள்.

"ஐயோ தங்கச்சி, அப்புறம் ஸ்விட்சை அமுக்குனாலும் எஞ்சின் நிக்காதே!"

அவள் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்: "நிக்க வேணாம்ண்ணே. இழுங்க."

இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. வாய்க்காலோரத்துக் கொக்கெல்லாம் பறந்தன. காயாரோகணம் கைப்பிடியைப் பிடித்து ஒரு சால் போனான், திரும்பி அரைச் சால் வந்தான். கரும்புகை முகத்தில் அடித்தது. இருமினான். கண்ணில் நீர் கொட்டியது; மார்பு குதிரைபோல் இழுத்தது. கைப்பிடி ஒரு பக்கம் சரிய, டில்லர் வரப்பை நோக்கித் திரும்பியது.

அவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டினாள். ஊரில் எந்தப் பெண்ணும் ஏர் தொட்டதில்லை. அது பாவம் என்றே சொல்லி வளர்த்திருந்தார்கள். வரப்பில் கூடியிருந்தவர்களின் கண்ணெல்லாம் முதுகில் தைத்தன. திரும்பிப் பார்க்காமல் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். சேறு முழங்கால்வரை வாங்கியது. கோரை மடங்கி மடங்கி உள்ளே போயிற்று.

"பொம்பளை ஏர் புடிக்கிறதா! வெளங்குமாய்யா இந்த ஊரு?" என்று சிவசாமி கத்தினார். "இதெல்லாம் ஒரு உழவுன்னு எழுதாதீங்க சார்."

மூச்சு வாங்க வரப்பில் உட்கார்ந்திருந்த காயாரோகணம், "ஏரு எங்கங்க இருக்கு? அது மிஷினுங்க" என்றான்.

தாசில்தார் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் ஓரத்துக்கு வந்தாள், கிளட்சைப் பிடித்துக் கொக்கியில் மாட்டினாள், வண்டி நின்றது, எஞ்சின் நிற்கவில்லை.

"எஞ்சினை நிறுத்தும்மா! ஒண்ணுமே கேக்கலை!"

"நிறுத்த முடியாதுங்க. நிறுத்துனா மறுபடி புடிக்காதுங்க."

அவர் அவளைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். சத்தத்துக்கு மேலே கத்தினார்: "நீ யாரு?"

"அவங்க சம்சாரமுங்க."

"குடும்பத்தாள்" என்று எழுத்தரின் காதில் சொன்னார். எழுத்தர் எழுதினார். சிவசாமியும் ஏதோ சொன்னார். உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார்கள். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். கைப்பிடியின் அதிர்வு இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. எழுத்து நெளிந்து நெளிந்து வந்தது. எட்டிப் பார்த்த சிவசாமி, "இது என்ன, புழு ஊர்ந்த தடமா?" என்றார். தாசில்தார் அந்தக் கையெழுத்தையும் அவள் கையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அதன் கீழே தானும் போட்டுவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

என்ன எழுதினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இளையபெருமாள் காய்ந்த குச்சியோடு வந்தார். "போயிட்டாங்க. எஞ்சின்ல மிச்சமிருக்கற ஒயர் நுனிய இரும்புல அழுத்தி நிறுத்திரவா?"

ஜீப் ரோட்டு வளைவில் இன்னும் தெரிந்தது. அவள் மிச்சமிருந்த கோரையைப் பார்த்தாள்.

"எண்ணெய் தீர்ற வரைக்கும் ஓடட்டும்ண்ணே" என்று கிளட்சை விட்டாள்.